அடியிலிருந்து ஒன்று

முப்பத்தொரு வருஷம்
ராணிப்பேட்டை ஷாப்பில் தோல் தரம் பிரித்தவன் நான்.
மேஜையில் விரித்ததும்
கண்ணுக்கு முன்னால் கட்டைவிரல் போய்விடும்.
உண்ணி கடித்த புள்ளி, வேலிமுள் கீறல்,
வைத்தியம் என்று யாரோ போட்ட சூடு,
உரிக்கையில் அவசரப்பட்ட கத்தி.
உயிரோடிருந்தபோது அந்த மாட்டை
எப்படி வைத்திருந்தார்கள் என்று
தோலுக்குத் தெரியும்.
கொண்டுவந்து போடுகிறவன் வேறு கதை சொல்வான்.

சாலோமி அக்காவுக்கு இடது பக்கம் விழுந்து ஐந்து மாதம்.
குடியாத்தத்தில் ஒரு நாளைக்கு
எத்தனை ஆயிரம் தீக்குச்சி அடுக்கிய கை,
இப்போது யாராவது எடுத்து வைத்தால்தான் வைத்த இடத்தில் இருக்கும்.

முதலில் சத்துவாச்சாரியில் சேர்த்தோம்.
கண்ணாடிக் கதவு, வரவேற்பில் மீன் தொட்டி,
மூன்று வேளைச் சாப்பாடும்
போட்டோவாக என் மருமகன் போனுக்கு வரும்.
ஒருநாள் போர்வையை இழுத்துப் பார்த்தேன்.
இடுப்புக்குக் கீழே
ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பள்ளம்.
மீன்கள் நன்றாகத்தான் இருந்தன.

இது திருவலம் ரோட்டில்.
சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது.
பினாயில் வாடை அவ்வளவாக இல்லை.
அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.
எங்கள் ஷாப்பிலும்
ஆபீசர் வருகிற நாளில்தான்
சுண்ணாம்பு தூவுவோம்.

கட்டில் கம்பியில் நூலில் தொங்கியது ஒரு நோட்டு.
இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்து
எழுத வேண்டும்.
எட்டு, இடது. பவுனம்மா.
பத்து, வலது. பவுனம்மா.
ஒரே பேனா, ஒரே சாய்வு.
இரவு பத்து வரைக்கும் எழுதி முடித்திருந்தது.
அப்போது மணி சாயங்காலம் நாலு.

மேனேஜர் ஞானவேலைப் பார்க்கத்தான் எழுந்தேன்.
அதற்குள் பழக்கதோஷம்,
விரல் அக்காவின் குதிகாலுக்குப் போய்விட்டது.
குதிகால், கணுக்கால், இடுப்பு, தோள்பட்டை முடிச்சு.
எங்கும் தடிப்பில்லை. சூடில்லை. ஈரமில்லை.
பழைய பள்ளத்தின் ஓரத்தில்
இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், நோட்டப் பாக்கறியா?"
கையில் பேசினோடு பவுனம்மா.
லத்தேரிக்காரி. பல் தெரியச் சிரிக்கிற ஆளில்லை.
"பத்தொம்போது கட்டிலு. நைட்டுக்கு நான் ஒருத்தி.
எழுதிக்கினு இருந்தா யாரு பொரட்றது?
அதான் மத்தியானமே எழுதிட்டன்."
அவள் விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணி தின்றிருந்தது.
என் கையை இதேபோல் குரோமியம் தின்றது.

பொய் நோட்டு. பொய் சொல்லாத தோல்.
ஆபீசர் வந்தால் எதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.
உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் ஒரு தோலைப் பார்த்து
லாட்டு எடுக்கிறவன் மடையன்.
சாலோமி, ஞாயிறு தவறாமல் வருகிறவனின் அக்கா.
மேலே இருப்பது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.
வியாபாரி அடுக்குவதே அப்படி.
அடியிலிருந்து ஒன்றை உருவ வேண்டும்.

"யாருமே வராதவங்க யாரு, இங்க?"
பேசினைக் கீழே வைக்காமல்
தாடையால் காட்டினாள்.

ஜன்னலோரம் கடைசிக் கட்டில்.
அட்டையில் பேர் 'ஏகாம்ப' வரைக்கும்தான் இருந்தது,
மீதியை மழைச்சாரல் கொண்டுபோயிருந்தது.
போர்வையை விலக்கினேன்.
நகம் வெட்டியிருந்தது.
குதிகாலில் ஒரு சிவப்பு.

அழுத்தினேன். வெளுத்தது.
விட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
ரத்தம் திரும்பி வந்தது.

முதல் தரம் இல்லை. கழிக்கவும் முடியாது.
நாலா, ஐந்தா என்று
எனக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணைத் திறக்காமலே அவர்
அடுத்த காலையும் நீட்டினார்.